பார்வை குறைந்தவர்களும் பயன்படுத்தும்படி செயலியை எப்படி வடிவமைப்பது?

கேள்வி: வேலூரிலிருந்து ஆரணி, குடியாத்தம் போகும் பஸ் நேரங்களைக் காட்டும் செயலி செய்கிறேன். பார்வை குறைந்தவர்களுக்காக எதைக் கவனிக்க வேண்டும்?

பார்வை அறவே இல்லாதவர், திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வழியே கேட்கிறார். மங்கலாகத் தெரிபவர் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். செயலி செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாமவரை மறந்துவிடுகிறார்கள்.

சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும், இணையத்தை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான சர்வதேச நெறிமுறை. வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து அழகுதான். வேலூர் வெயிலில் நல்ல கண்ணுக்கே தெரியாது. எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் ‘குடியாத்தம்’ பாதியில் வெட்டுப்படக் கூடாது. எழுத்து சிறுத்தால் தமிழில் முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

அடுத்து, ஆண்ட்ராய்டு போனின் திரைவாசிப்பானான டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பஸ்ஸைத் தேடிப் பாருங்கள். பெயர் வைக்காத தேடல் படத்தை அது வெறும் பட்டன் என்றுதான் சொல்லும். எதற்கான பட்டன் என்று யாருக்குத் தெரியும்? ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் கொடுங்கள். இணையப் பக்கமும் உண்டென்றால் அதன் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கத் திணறும். தாமதமான பஸ்ஸைச் சிவப்பு நிறத்தால் மட்டும் காட்டாமல் ‘தாமதம்’ என்றும் எழுதுங்கள். கணினியில் சோதிக்க என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது.