பதில்: டிவிடியை மாற்றிய பிறகு படத்தில் கோடு கோடாக வருவது

வணக்கம் அண்ணா. அப்பா சேர்த்துவைத்த டிவிடிகளை, டிஸ்க்கைக் கோப்பாக்கும் மேக்எம்கேவி மென்பொருளில் எடுத்து, வீட்டுப் படங்களை டிவிக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் சர்வரில் போட்டால், ஆட்கள் அசையும்போது கோடு கோடாகத் தெரிகிறது, டிவியில் நின்று நின்று ஓடுகிறது என்று டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியிருந்தீர்கள். டிஸ்க்கைச் சந்தேகப்பட வேண்டாம்.

பழைய தமிழ் டிவிடிகள் பலவற்றில் படம் இன்டர்லேஸ் முறையில் இருக்கும். ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில். குழாய் டிவியில் இது தெரியாது. தட்டை டிவியில் சீப்புப் பல் மாதிரி வரும். மேக்எம்கேவி உள்ளதை அப்படியே எடுக்குமே தவிரத் திருத்தாது. அந்தக் கோப்பை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் திறந்து, ஃபில்டர்ஸ் பக்கத்தில் இந்தக் கோடுகளை நீக்கும் டீஇன்டர்லேஸை இயக்கி, எச்.264 என்ற வீடியோ வடிவத்துக்கு மாற்றுங்கள். தரத்தைக் குறிக்கும் ஆர்.எஃப். எண் 20 போதும் (எண் குறைந்தால் தரம் கூடும்), டிவிடிக்கு அதைவிட நல்ல தரத்துக்கு ஆசைப்பட்டால் இடம்தான் வீண். நின்று ஓடுவதும் பெரும்பாலும் இதிலேயே தீரும். டிவிடியில் உள்ள எம்பெக்-2 வீடியோ வடிவம் பல கருவிகளில் நேரடியாக ஓடாது. சர்வர் அந்த நேரத்திலேயே மாற்றித் தரவேண்டும், உங்கள் பழைய லேப்டாப் அதில்தான் திணறுகிறது.

டிவிடிக்கும் டிரைவுக்கும் நாட்டைப் பொறுத்து ஒரு மண்டல எண் உண்டு: இந்தியா மண்டலம் 5, தென்னாப்பிரிக்கா 2. டிரைவ் மண்டலத்தை மாற்றவா என்று கேட்டால் சட்டென்று சம்மதிக்காதீர்கள். மொத்தம் 5 தடவைதான், பிறகு பூட்டிக்கொள்ளும்.

சினிமா காத்திருக்கும், எங்காவது மறுபடி கிடைக்கும். வீட்டுக் கல்யாணம், காவடி என்று எழுதும் டிஸ்க்கில் பதிந்தவற்றை முதலில் எடுங்கள். அவற்றின் சாயப்பூச்சு டர்பன் வெக்கையிலும் ஈரத்திலும் சீக்கிரம் கெடும். வேறொரு ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு நகல் வையுங்கள். கரண்ட் போகும் நாளில் வேலையை ஆரம்பிக்காதீர்கள், பாதியில் நின்ற கோப்பு பெரும்பாலும் திறக்காது.