மணிக்கட்டில் நரம்பு நெரிபட்டால்: வாசகர் கேள்விகள்

காசிமேட்டில் வலை இழுக்கிறேன், வயது 26. வேலை நேரத்தில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உட்பக்கம் புடைத்து, கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை மரத்துப்போகிறது. ஓய்வெடுத்தால் சரியாகிறது. சர்க்கரை இல்லை. வாயு என்கிறார்கள்.

வாயு இல்லை, தம்பி. முன்கையில் பால்மாரிஸ் லாங்கஸ் என்றொரு மெல்லிய தசை உண்டு. அதன் சதை முழங்கைப் பக்கமும், நாண் மணிக்கட்டுப் பக்கமும் இருப்பதே வழக்கம். சிலருக்குப் பிறவியிலேயே இது தலைகீழாக அமைந்து, சதை மணிக்கட்டருகே வந்துவிடும். இழுக்கிற வேலையில் அது பருத்து, அடியில் ஓடும், கட்டைவிரல் முதல் நடுவிரல் வரை உணர்வு தரும் மீடியன் நரம்பை நெரிக்கும். வேலை செய்தால் புடைப்பதும் ஓய்வில் வடிவதும்தான் எனக்கு இந்தச் சந்தேகத்தைத் தருகிறது. உறுதி செய்ய ஸ்கேன் வேண்டும். கையைத் தளர்த்தியும் இறுக்கிப் பிடித்தும் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. நரம்புச் சோதனை நார்மல் என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள், விட்டுவிட்டு வரும் நெருக்கடி அதில் தப்பிவிடலாம். அந்தத் தசைதான் காரணம் என்றால் அதை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாம். ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். கட்டைவிரலின் அடிமேடு வற்றத் தொடங்கும் முன் போய்விடுங்கள். வற்றிய தசை முழுதாகத் திரும்பும் என்று என்னால் சொல்ல முடியாது.

வண்ணாரப்பேட்டையில் தையல் வேலை. கத்தரியை இறுக்கிப் பிடித்தால் விரல்கள் மதமதக்கின்றன. எனக்கும் கூடுதல் தசையா?

இருக்கலாம். மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்தில் 9 தசைநாண்களோடு மேலே சொன்ன மீடியன் நரம்பும் போகிறது. உள்ளங்கையில் தொடங்க வேண்டிய லம்ப்ரிகல் என்ற சிறு தசைகள் சிலருக்கு மேலேறி இருக்கும். விரலை மடக்கியதும் சுரங்கத்துக்குள் புகுந்து அடைக்கும். ஆனால் அம்மா, முதலில் சர்க்கரையும் தைராய்டும் பாருங்கள். கூடுதல் தசையைவிட அவைதான் அடிக்கடி காணும் காரணங்கள். அப்புறம், இரவில் மணிக்கட்டை மடங்கவிடாமல் ஸ்ப்ளிண்ட் போட்டுத் தூங்குங்கள்.

சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மட்டும் மரக்கின்றன.

அது அல்னார் நரம்பு. பெரும்பாலும் முழங்கையில்தான் நெரிபடும், அங்கே முதலில் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் என்றால் கட்டியோ, சுண்டுவிரலுக்குப் போகும் உபரித் தசையோ இருக்கலாம்.

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் என் மகனுக்கு நடுவில் நாண் தெரியவில்லை. குறையா?

இல்லை. அந்த நாண் முதல் பதிலில் சொன்ன பால்மாரிஸ் லாங்கஸ் தசையினுடையது; பலருக்கு அந்தத் தசையே கிடையாது. கையின் பிடியும் அதனால் குறையாது.