முதலில் கைப்பிடியைப் பாருங்கள்

கேள்வி: டிப்ளமோ மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். பல் டாக்டர்கள் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் கண்ணாடியில் சின்ன எல்.இ.டி. விளக்கும் பேட்டரியும் பொருத்தி ப்ராஜெக்ட் செய்ய நினைக்கிறோம். இது உபயோகப்படுமா டாக்டரம்மா?
- ஒரு மாணவர், வீரவநல்லூர்

பதில்: உபயோகப்படும் தம்பி. முக்கூடல் பக்கம் பள்ளிக்கூட வராந்தாவில் முகாம் போட்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் ஒருவர் டார்ச் பிடிப்பார், நான் குனிந்து பார்ப்பேன். அப்படியும் கடைவாய்ப்பல்லின் பின்பக்கம் இருட்டாகத்தான் இருக்கும். ஆனாலும், நீங்கள் முதலில் மாற்ற வேண்டியது கைப்பிடியை.

அம்பாசமுத்திரத்தில் 28 வருடமாக கிளினிக் நடத்துகிறேன். பாதிக் காலம் பென்சிலைவிட ஒல்லியான கெட்டி ஸ்டீல் பிடிதான். நழுவிவிடக் கூடாதே என்று இறுக்கிப் பிடித்துப் பிடித்து, சாயங்காலம் கட்டைவிரல் அடியில் வலி எடுக்கும். அப்படி ஒரு முகாமில்தான் பீடி சுற்றும் ஒரு அக்கா, தன் கத்தரிக்கோல் வளையத்தில் துணி சுற்றி வைத்திருந்ததைப் பார்த்தேன். “இது இல்லாட்டா விரல் காந்தும் தாயி” என்றார். அடுத்த வாரமே தடித்த, உள்ளே கூடான பிடிக்கு மாறினேன். பல்லில் படியும் காரையைச் சுரண்டும் கருவிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், ஒப்பிட்ட பிடிகளுக்குள் 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் கொண்டதுதான் கைத்தசைக்குக் குறைந்த சிரமம் கொடுத்தது. நீங்களும் அந்த அளவில் தொடங்கலாம்.

வலி மட்டுமல்ல விஷயம். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள ஆழத்தை அளக்கும் ஒருவகை ப்ரோப் கருவியின் நுனியில் 0.5 மில்லிமீட்டர் உருண்டை இருக்கும். அதை 20, 25 கிராம் எடை வைத்த மாதிரி மெல்லத்தான் அழுத்த வேண்டும். பிடியை இறுக்கியிருக்கும் விரலுக்கு அந்த மென்மை பிடிபடாது. நாம் கொஞ்சம் கூடுதலாக அழுத்திவிட்டால் வலி நாற்காலியில் இருப்பவருக்குத்தான்.

கண்ணாடி வாங்கும்போது முன்பக்கம் பூச்சுள்ளதாகக் கேளுங்கள். பின்பக்கம் பூசியதில் பிம்பம் இரட்டையாகத் தெரியும். முன்பூச்சு சீக்கிரம் கீறல் விழும், முரட்டுத் துணியால் துடைக்காதீர்கள்.

இப்போது விளக்குக்கு வருவோம். ஒருவர் வாய்க்குள் போன கருவியை, கிருமி கொல்லும் ஆட்டோக்ளேவில் 121 டிகிரி நீராவியில் 15 நிமிடமாவது வைக்காமல் அடுத்தவர் வாய்க்குள் விடக் கூடாது. உங்கள் பேட்டரி அதைத் தாங்காது. அதனால் விளக்குப் பகுதி தனியே கழன்று வர வேண்டும். கண்ணாடியும் பிடியும் சேரும் மரையில் எச்சிலும் ரத்தமும் தங்கிவிடும். அந்த இடத்தை இடுக்கே இல்லாமல் செய்ய முடியுமா என்று பாருங்கள். இதைச் செய்துவிட்டால் அதுவே பெரிய வேலை.

3டி பிரிண்டரில் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் போட்டு மாதிரி செய்யலாம், பிடித்துப் பார்க்க மட்டும். அது 60 டிகிரியிலேயே இளகிவிடும். 8, 10, 12 மில்லிமீட்டரில் மூன்று பிடி செய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். நானும் என் உதவியாளரும் பிடித்துப் பார்க்கிறோம். அப்புறம் ஸ்டீலில் செய்ததை என் ஆட்டோக்ளேவில் 50 தடவை போட்டு எடுப்போம்.