நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே ஜெர்மன் படிக்க முடியுமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். வீட்டில் தெலுங்கு, பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ் வழி. வார்டில் பெங்காலி நோயாளிகளிடம் ஏதோ சமாளிப்பேன், அவ்வளவுதான். ஆங்கிலமே திக்கித் திணறித்தான் வரும். ஜெர்மனி போகலாம் என்று ஆசை. ஒரு சென்டரில் ஆறே மாதத்தில் பி2, வேலை கியாரண்டி, ஆனால் மொத்தப் பணத்தையும் இப்போதே கட்ட வேண்டும் என்கிறார்கள். எனக்கு ஜெர்மன் ஏறுமா? ஜப்பான் மொழி சுலபம் என்கிறாள் தோழி. அதற்குப் போகட்டுமா?"

ஏறும். ஆறு மாதத்தில், அதுவும் ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு, ஏறாது. பணத்தை இன்னும் கட்டவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், கணக்கைப் பார்த்துவிடலாம்.

ஜெர்மன் படிப்பு ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக ஏறும். பூஜ்யத்திலிருந்து பி2 வரை போக, 45 நிமிடப் பாடவேளைகளாகச் சுமார் 600 முதல் 800 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட் சொல்லும் கணக்கு. மணியில் சொன்னால் 450 முதல் 600. தினம் இரண்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வகுப்பு, ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்று வைத்துக்கொண்டாலும் ஒன்பது மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகிறது. வீட்டுப்பாடம் இதில் சேரவில்லை. நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து தூங்குகிற நாட்களையும் கழித்தால் ஒன்றரை வருஷம் என்று வைத்துக்கொள்வதுதான் நியாயம். ஆறு மாதத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள், வேலையை விட்டுவிட்டு நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்தவர்கள்.

ஆங்கிலம் வராததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 'அவ்வளவுதான்' என்று பெங்காலியைத் தள்ளிவிட்டீர்களே, அதை எந்த வகுப்பில் படித்தீர்கள்? காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காள எழுத்தில் இருக்கிறது, ஆட்டோக்காரர் அதே மொழியில் வாடகை பேசுகிறார், யாரும் இலக்கணப் புத்தகத்தைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. வட ஆற்காடு அப்படிப்பட்ட ஊர். தெலுங்கு வீட்டுப் பிள்ளை தமிழில் படிக்கும், வாணியம்பாடிக்கோ பேரணாம்பட்டுக்கோ போனால் கடையில் உருது காதில் விழும். புது மொழிக்குக் காதைத் திறந்து வைக்கிற பழக்கம் உங்களுக்குச் சின்ன வயசிலேயே வந்துவிட்டது, ஒரே மொழியில் வளர்ந்தவர்களுக்கு முப்பது வயசில் அதை வரவழைப்பதுதான் கஷ்டம்.

தமிழ் வழியில் படித்ததும் ஒரு வகையில் லாபம். ஜெர்மனில் நாலு வேற்றுமை. ஆங்கிலம் வழியாக வருகிறவர்கள் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், நமக்குப் பள்ளியிலேயே எட்டு வேற்றுமையை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டார்கள். தலை சுற்றுகிறது, குளிருகிறது என்று சொல்ல ஜெர்மன்காரரும் நம்மைப் போல 'எனக்கு' என்றுதான் ஆரம்பிப்பார், ஆங்கிலம் மாதிரி 'நான்' என்று ஆரம்பித்தால் தப்பாகிவிடும். காரணம் சொல்கிற துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும், அதுவும் நமக்குப் பழக்கம்தான். அதனால் ஜெர்மனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ளாதீர்கள், நேராகத் தமிழோடு வைத்துப் பாருங்கள்.

உண்மையான தலைவலி, பெயர்ச்சொற்களின் பால். மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி போய் அஃறிணை மாதிரி ஒன்றில் நிற்பாள். நியாயம் தேடினால் கிடைக்காது. முன்னால் வரும் டேர், டீ, டாஸ் மூன்றில் எது என்பதையும் சேர்த்தே சொல்லை மனப்பாடம் பண்ணுங்கள், வேறு வழியில்லை.

எப்படிப் படிப்பது? பெங்காலியைப் பிடித்த மாதிரியே, வார்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு ஷிப்டில் நோயாளியிடம் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற வாக்கியம் முப்பதோ நாற்பதோ இருக்கும்: எங்கே வலிக்கிறது, சாப்பிட்டீர்களா, கையை மடக்காதீர்கள், டாக்டர் பத்து மணிக்கு வருவார். அதையெல்லாம் ஜெர்மனில் வாங்கிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'வோ ஹாபன் ஸீ ஷ்மெர்ட்ஸன்', எங்கே வலி. (இங்கே வேறு வழியில்லாமல் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், உங்கள் நோட்டில் இப்படி எழுதவே கூடாது. நம் ஒரு 'ப' அங்கே இரண்டு ஒலி, அந்தக் குழப்பம் அப்புறம் போகவே போகாது.) குடியாத்தம் பஸ்ஸில் ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லெ தரும் வீடியோ பாடங்களைக் கேட்கலாம், இலவசம், ஏ1 முதல் பி1 வரை இருக்கிறது.

ஜப்பான் மொழி விஷயம். வாக்கிய அமைப்பு நமக்கு ரொம்பவே நெருக்கம், குறில் நெடிலும் உண்டு, ஒரு எழுத்தை நீட்டினால் அத்தை பாட்டியாகிவிடுவார். ஆனால் சீனத்திலிருந்து வந்த 'கான்ஜி' எழுத்துகள் வருஷக்கணக்கில் வேலை வாங்கும். அதைவிட முக்கியம், ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 என்ற ஆரம்ப நிலையோடு நம்மவர்கள் அங்கே போவது பெரும்பாலும் முதியோர் பராமரிப்பு வேலைக்கு. பதிவு பெற்ற நர்ஸாக வேண்டுமானால் அந்த நாட்டுத் தேசியத் தேர்வை ஜப்பானிய மொழியிலேயே எழுத வேண்டும். நர்ஸாகவே இருக்க ஆசை என்றால் ஜெர்மன்தான் என் ஓட்டு. அங்கேயும் பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்க வேண்டும், பொதுவாக பி2 கேட்பார்கள். பி1 முடித்துப் போய் மீதியை அங்கே முடிப்பவர்களும் உண்டு.

அந்த சென்டர்? கட்டணத்தை நிலைவாரியாகக் கட்டுகிறேன் என்று கேளுங்கள், ஏ1 முடிந்த பிறகு ஏ2க்கு. மறுத்தால் கிளம்பிவிடுங்கள். அவர்கள் அடித்துத் தரும் சான்றிதழ் எதற்கும் உதவாது, கோத்தே, டெல்க், ஓஎஸ்டி மாதிரி அங்கீகாரம் உள்ள தேர்வு வேண்டும். கோத்தே தேர்வை காட்பாடியில் ரயிலேறிப் போய்ச் சென்னையிலேயே எழுதலாம். பி1, பி2 இரண்டிலும் வாசிப்பு, கேட்பு, எழுத்து, பேச்சு என்று நாலு பகுதி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுக்க வேண்டும், ஒன்று போனால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும். வேலை வாங்கித் தருகிறேன் என்பவரின் பெயர், வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அப்புறம் இன்றைக்கே செய்ய ஒரு வேலை. பாஸ்போர்ட்டையும் டிகிரி சர்டிபிகேட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் அதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகலாம். ஏ1 படிக்கிறபோதே அந்த வேலையையும் ஆரம்பித்துவிடுங்கள், தேர்வுக்கும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் கொடுங்கள்.