பெற்ற தாயைத் தேடுகிறேன், எங்கே தொடங்குவது?

கேள்வி: எனக்கு 33 வயது. நாமக்கல் பக்கம் வளர்ந்தேன். நான் தத்துப்பிள்ளை என்பதை அப்பா காலமான பிறகுதான் அம்மா சொன்னார். சேலம் மாவட்ட நீதிமன்றம் 1994-இல் கொடுத்த உத்தரவின் நகல் இரண்டு பக்கம் கையில் இருக்கிறது. நான் இருந்த இல்லத்தை மூடிவிட்டார்கள். என்னைப் பெற்றவரைத் தேட முடியுமா? சட்டம் இடம் கொடுக்கிறதா?

பதில்: சட்டம் இடம் கொடுக்கிறது. தத்தெடுப்பு ஒழுங்குமுறைகள், 2022 இதை 'வேர் தேடல்' என்கிறது. 18 வயது நிரம்பியவர் யாருடைய சம்மதமும் இல்லாமல், மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா'வுக்கு இணையவழியில் தானே விண்ணப்பிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் கையிலுள்ள இரண்டு பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்.

உத்தரவின் தலைப்பில் எந்தச் சட்டம் என்று போட்டிருக்கும். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 9(4) பிரிவு என்றால், உங்களைப் பராமரித்த இல்லம் நீதிமன்ற அனுமதியோடு தத்துக் கொடுத்திருக்கிறது. 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் என்றால், உங்கள் பெற்றோரைக் காப்பாளராக மட்டும் நியமித்திருக்கிறார்கள். அடுத்து, பெற்றவர்கள் 'ஒப்படைத்த' குழந்தையா, 'கைவிடப்பட்ட' குழந்தையா என்று பாருங்கள். தேடலின் போக்கையே இந்த ஒரு சொல்தான் தீர்மானிக்கும். ஒப்படைத்திருந்தால் தாய் கையெழுத்திட்ட ஒப்படைப்புப் பத்திரம் எங்கோ இருக்க வேண்டும். கைவிடப்பட்டிருந்தால் பெயர் இருக்காது. கண்டெடுத்த இடம், தேதி, காவல் நிலையப் பதிவு, பத்திரிகை விளம்பரம் இவைதான் கிடைக்கும்.

நீங்கள் பிறந்த காலத்தையும் ஊரையும் பார்த்தால் தொட்டில் குழந்தை திட்டமும் நினைவுக்கு வருகிறது. வளர்க்க முடியாத குழந்தையைப் பெற்றவர்கள் அரசு வைத்த தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த அந்தத் திட்டம் 1992-இல் சேலத்தில்தான் தொடங்கியது. யாரும் பார்க்காதபோது தொட்டிலில் விட்டுப்போன குழந்தைகளும் உண்டு, பெற்றவர்களே நேரில் வந்து விவரம் சொல்லிக் கொடுத்த குழந்தைகளும் உண்டு. தொட்டில் குழந்தை என்றாலே எதுவும் கிடைக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இனி நீதிமன்றம். பெரும்பாலானவர்கள் உத்தரவின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது முழுக் கட்டு: மூல மனு, பிரமாணப் பத்திரம், அதோடு குறியீடு செய்த ஆவணங்கள் (சான்றாக எண்ணிட்டுச் சேர்த்தவை). ஒப்படைப்புப் பத்திரமும் குழந்தை ஆய்வு அறிக்கையும் அந்த ஆவணங்களோடுதான் இருக்கும். உத்தரவிலுள்ள ஓ.பி. எண்ணையும் (மூல மனுவின் எண்) ஆண்டையும் குறித்து நகல் மனு போடுங்கள். வழக்கில் உங்கள் அம்மா தரப்பினராக இருந்தால் அவர் பெயரில் போடுவதே எளிது. நீங்கள் தரப்பினர் இல்லை என்பதால், உங்கள் பெயரில் போட்டால் காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டிவரும். பழைய கட்டுகளில் ஒரு பகுதியை விதிப்படி அழித்திருக்கவும் கூடும். அப்படியானால் வழக்குப் பதிவேட்டில் உள்ள பதிவையாவது பார்க்கக் கேளுங்கள்.

உத்தரவுக்குப் பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் தத்துப் பத்திரமும் பதிவாகியிருக்கலாம். வில்லங்கச் சான்றில் தேடினால் அது வராது. காரணம், சொத்துப் பத்திரங்கள் 1-ஆம் புத்தகத்தில் ஏறும். இது 4-ஆம் புத்தகம். பத்திரத்தில் கையெழுத்திட்டவருக்கும் அதன்படி உரிமை கோருபவருக்கும்தான் நகல் தருவார்கள். நீங்கள் அந்த உரிமை உள்ளவர். (இல்லம் இல்லாமல் குடும்பத்துக்குக் குடும்பம் நேரடியாகத் தத்துக் கொடுத்திருந்தால் இந்தப் பத்திரத்திலேயே பெற்றவர்களின் பெயரும் ஊரும் இருக்கும்.)

பிறப்புச் சான்றிதழில் பிறந்த தேதிக்குப் பக்கத்தில் பதிவு செய்த தேதியைப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே ஓராண்டுக்கு மேல் இடைவெளி இருந்தால், தத்துக்குப் பிறகு செய்த தாமதப் பதிவாக இருக்கலாம். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அங்கே தாயின் பெயரில் வேறொரு பதிவு இருக்க வாய்ப்புண்டு.

இல்லம் மூடியதால் பதிவேடுகள் போய்விட்டன என்று நினைக்காதீர்கள். சேலம் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும், சென்னையிலுள்ள மாநில தத்தெடுப்பு வள முகமைக்கும் எழுத்தில் கேளுங்கள். "என் தாயின் பெயர் என்ன?" என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல் என்று மறுத்துவிடுவார்கள். "இந்த இல்லத்தின் சேர்க்கைப் பதிவேடுகள் இப்போது எந்த அலுவலகத்தின் பொறுப்பில் இருக்கின்றன?" என்று கேளுங்கள். அதற்கு 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

காரா விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். உங்களுக்காக மூன்றாம் நபர் தேடுவதை ஒழுங்குமுறை அனுமதிப்பதில்லை. துப்பறியும் ஏஜென்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். தன் அடையாளம் வெளியே தெரியக் கூடாது என்று தாய் அப்போதே சொல்லியிருந்தால், இப்போது அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதத்தைக் கேட்பார்கள். அவர் மறுத்தாலும், ஆளே கிடைக்காவிட்டாலும், எந்தச் சூழ்நிலையில் உங்களை ஒப்படைத்தார் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு முகவரி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். தேடல் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமானது; அதற்கு முந்தைய தாளில் 'சேலம் மாவட்டம்' என்றிருக்கும். 'காமராஜர் மாவட்டம்' என்றிருந்தால் அது இன்றைய விருதுநகர். திருமணமாகாத தாய் என்றால் பெயரையோ ஊரையோ மாற்றிச் சொல்லியிருக்கவும் கூடும். ஆகவே பெயர், தோராய வயது, ஊர், மருத்துவமனை இவற்றில் குறைந்தது மூன்று பொருந்தாமல் யாரையும் 'இவர்தான்' என்று நம்பிவிடாதீர்கள்.

மரபணுச் சோதனை பற்றிப் பலரும் யோசனை சொல்வார்கள். சந்தேகமுள்ள ஒருவரை உறுதிசெய்ய அது நல்ல வழி: தாய்க்கும் பிள்ளைக்கும் பொதுவான பகுதி ஏறக்குறைய 3,400 சென்டிமார்கன் (மரபணுவில் பொதுவான பகுதியை அளக்கும் அலகு) வரும். யாரென்றே தெரியாதவரைத் தேட அது நமக்கு அவ்வளவாக உதவாது. வெளிநாட்டு நிறுவனங்களின் தரவுத்தளங்களில் நம் கிராமத்து மக்கள் மிகக் குறைவு. தவிரவும், அத்தை மகள், மாமன் மகன், அக்காள் மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்தில் கட்டிக்கொண்ட குடும்பங்களில், தூரத்து உறவுகூட நெருங்கிய உறவுபோலக் காட்டும்.

ஆள் கிடைத்த பிறகு உறவினர்கள் பயப்படுவது பெரும்பாலும் சொத்துக்காகத்தான். இந்து தத்தெடுப்புச் சட்டத்தின்படி தத்தான நாளோடு பிறந்த குடும்பத்தில் வாரிசுரிமை முடிந்துவிடுகிறது. தத்துக்கு முன்பே உங்கள் பெயருக்கு வந்த சொத்து இருந்தால் மட்டும் அது உங்களுடையது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அவரோடு முதல் தொடர்பு, குழந்தைகள் பாதுகாப்பு அலகின் சமூகப் பணியாளர் மூலமாகவே நடக்கட்டும். உங்கள் தாய்க்கு இன்று ஒரு குடும்பம் இருக்கலாம். இந்த விஷயம் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியாமலே இருக்கலாம். உங்கள் படத்தையும் ஊரையும் போட்டு முகநூலில் தேடினால் முதலில் பார்ப்பது அக்கம்பக்கத்தாராக இருப்பார்கள். கடிதம் கொடுத்தனுப்புவதானால் ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்: நலமாக இருக்கிறேன், குறை சொல்ல வரவில்லை, அவர் விரும்பினால் மட்டும் இந்த எண்ணில் பேசலாம். அந்த எண் உங்கள் ஒருவரிடம் மட்டுமே இருக்கும் எண்ணாக இருக்கட்டும். கடிதம் அவர் கையிலேயே சேர வேண்டும், தபாலில் போட வேண்டாம்.