‘நான் யார்?’ என்று வரையச் சொல்லாதீர்கள்

வாசகர் கேள்விகள்: பதில் சொல்பவர் நாகர்கோவில் ஓவிய ஆசிரியர்

குழந்தைகள் இல்லம் ஒன்றில் வார்டனாக இருக்கிறேன். பிள்ளைகள் தங்களைப் புரிந்துகொள்ளட்டும் என்று ‘நான் யார்?’ எனத் தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓட்டு வீடு, தென்னை என்று ஒரே படத்தை நீட்டுகிறார்கள். என்ன செய்யலாம் சார்?
- வாசகி, தக்கலை

அந்த இரட்டை மலைப் படத்தைத் திட்டாதீர்கள். எனக்கும் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, அது வேறு விஷயம். பிள்ளைக்கு அது ஆபத்தில்லாத படம். வரைந்து கொடுத்தால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

‘நீ யார்?’ என்று இல்லத்துப் பிள்ளையிடம் இதுவரை கேட்டவர்களை எண்ணிப் பாருங்கள். குழந்தைகள் நலக் குழுவில் கேட்டிருப்பார்கள். பள்ளியில் சேர்க்கும்போது கேட்டிருப்பார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருகிறவர்கள்கூடக் கேட்பார்கள். அப்பா பெயர், ஊர், ஏன் இங்கே வந்தாய் என்பதற்கெல்லாம் பிள்ளையிடம் தயாராக ஒரு பதில் உண்டு. கேள்வியோடு கிரையானையும் கொடுத்தால் அதே பதில் கலரில் வரும், அவ்வளவுதான்.

நான் சுற்றிவளைத்துப் போகிறவன். உள்ளங்கையைத் தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போடச் சொல்வேன். ‘இந்தக் கைக்கு என்னவெல்லாம் தெரியும்? உள்ளே வரை’ என்பேன். குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரு விரலுக்குள் ரப்பர் மரம் வரைந்தான். பட்டையில் விழும் வெட்டு சரியான சரிவில் வர வேண்டும் என்று திரும்பத் திரும்ப அழித்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகும் மாமாவின் பின்னாலேயே நடந்தவன் அவன். சிரட்டையை எங்கே வைக்க வேண்டும், ஒட்டுப்பாலை எப்படி உரித்தெடுப்பது என்று மற்றப் பிள்ளைகளுக்கு அன்று அவன்தான் வாத்தியார். இல்லத்துப் பதிவேட்டில் அவனைப் பற்றி இருந்த வரி: ‘தாய் இல்லை, தந்தை கேரளத்தில்.’

இன்னொன்று, வயதையும் பாருங்கள். கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947லேயே பிள்ளைகளின் ஓவிய வளர்ச்சியைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஏழு முதல் ஒன்பது வயதில் ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி மனிதன் என்று வரைவது இயல்பு. ஒன்பதைத் தாண்டினால் நிஜம்போலவே வர வேண்டும் என்ற ஆசை வந்துவிடும், வராதபோது ‘எனக்கு வரையத் தெரியாது சாரே’ என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். பெரிய பிள்ளைகளுக்குக் களிமண் கொடுங்கள், பழைய பத்திரிகையை வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். இந்தப் பத்திரிகையை வெட்டினாலும் ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடற்கரைக் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை நான். ஒக்கி புயலில் அப்பாவைப் பறிகொடுத்த சிறுமி ஒருத்தி கடலை எப்போதும் கறுப்பாகவே வரைகிறாள். கறுப்பு என்றால் மனச்சோர்வு என்று யூடியூபில் பார்த்தேன். பயமாக இருக்கிறது.
- ஆசிரியை, தூத்தூர் பகுதி

முதலில் அவள் கிரையான் டப்பாவைத் திறந்து பாருங்கள். நீலம் தீர்ந்துபோயிருக்கலாம். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, பாதி நேரம் காரணம் இப்படித்தான் இருக்கும். அப்புறம், ராத்திரியில் கடல் கறுப்புதானே? வள்ளக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாதா?

ஒக்கி அடித்தது 2017 நவம்பர் 30. உங்கள் பக்கத்தில், பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் படகுகளில் போன பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அன்று கைக்குழந்தையாக இருந்தவளுக்கு அப்பா என்றால் சுவரில் மாலை போட்ட போட்டோதான். ஆனால் ஊருக்கு அவள் ‘ஒக்கியில போனவருக்க மவ’. பெயரைச் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லித்தான் வந்தவர்களுக்கு அறிமுகம் செய்கிறார்கள். நீங்களும் எனக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள், டீச்சர். அவளுக்குப் பாட வருமா, கணக்கு வருமா, யாரோடு சண்டை போடுவாள்? கடிதத்தில் ஒன்றும் இல்லை.

‘ஏன் கறுப்பு?’ என்று கேட்காதீர்கள். ‘இந்தப் படத்தப் பத்திச் சொல்லு மக்களே’ என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சொன்னால் கேட்கலாம், சொல்லாவிட்டால் அடுத்த தாளைக் கொடுக்கலாம். வீடு, மரம், மனிதன் வரையச் சொல்லி மனதை அறியும் சோதனை ஒன்று உண்டு. ஜான் பக் என்ற உளவியலாளர் 1948இல் வெளியிட்டது. பயிற்சி பெற்றவர்கள்கூட அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்லை. வாட்சப்பில் வரும் ‘ஜன்னல் இல்லாத வீடு வரைந்தால் இது அர்த்தம்’ பட்டியலை அழித்துவிடுங்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது அவள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் தான். திடீரென்று யாரோடும் சேராமல் ஒதுங்குகிறாளா என்றும் பாருங்கள். அப்படி இருந்தால் அம்மாவிடம் பேசி, ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

எங்கள் அறக்கட்டளை நடத்திய பட்டறையில் பிள்ளைகள் வரைந்த படங்களை, பெயர், போட்டோ, அவர்கள் பட்ட கஷ்டம் எல்லாவற்றோடும் கண்காட்சியாக வைக்கலாமா? நன்கொடைக்கு உதவும்.
- வாசகர், நாகர்கோவில்

கூடாது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

சட்டத்தை விடுங்கள். ப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்றொரு ஓவியர் இருந்தார். நாஜிகளின் டெரசீன் முகாமில் அடைபட்டிருந்தபோது பிள்ளைகளுக்கு ரகசியமாக ஓவியம் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளை தன் பெயரை எழுத வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். முகாமில் அவர்களுக்கு இருந்தது எண்தான். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸில் அவரைக் கொன்றார்கள். சூட்கேஸ்களில் அவர் விட்டுப்போன ஏறத்தாழ 4,500 படங்கள் இன்று பிராகா நகர யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அங்கே பெயர் எழுத வைத்தது காப்பாற்றுவதற்காக, இங்கே பெயரை மறைப்பதும் காப்பாற்றுவதற்காகத்தான். நான் இரண்டையும் செய்கிறேன். தாளின் பின்பக்கம் சொந்தப் பெயர், முன்பக்கம் பிள்ளையே வைத்துக்கொள்ளும் புனைபெயர். ‘புலிவாலன்’ என்று ஒருவன் கையெழுத்துப் போடுகிறான், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. காட்சிக்கு வைக்கலாமா என்று வரைந்தவரிடம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நன்கொடைக்கு வேறு வழி பாருங்கள்.

வரையும்போது ஒரு குழந்தை, தன்னிடம் யாரோ தப்பாக நடந்ததாகச் சொல்லிவிட்டால்?
- பெயர் வேண்டாம்

நம்புங்கள். துருவிக் கேட்காதீர்கள், படமாக வரைந்து காட்டு என்றும் சொல்லாதீர்கள். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும். இல்லத்து நிர்வாகியிடம் சொன்னதோடு வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம்.

அக்கா மகனுக்கு 14 வயது. பள்ளிக்கூடம் போவதில்லை. வீட்டுச் சுவரெல்லாம் பைக்கும் அவன் பட்டப்பெயரும்தான். உங்கள் பட்டறைக்கு அனுப்பினால் திருந்துவானா அண்ணாச்சி?
- வாசகர், கொல்லங்கோடு

திருத்துகிற வேலை எனக்குத் தெரியாது தம்பி. ஆனால் நீங்கள் அனுப்பிய போட்டோவில் அந்த எழுத்துகளைப் பார்த்தேன். நிழல் விழும் திசை எல்லா எழுத்திலும் ஒன்றாக இருக்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அது வருவது லேசில்லை. இந்த வயதில் ‘நான் இன்னார்’ என்று எங்கேயாவது எழுதித்தான் தீர வேண்டும், அவனுக்குக் கிடைத்தது சுவர். ஒரு பழைய பிளைவுட் பலகையும் எனாமல் பெயிண்டும் வாங்கிக் கொடுங்கள். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு ஒருநாள் கூட்டிப்போய், படகுகளில் எழுதியிருக்கும் பெயர்களைக் காட்டுங்கள். அதை எழுதுகிறவர்களோடு அவன் பேசட்டும். பள்ளிக்கூடம் தனி விஷயம், அதற்கு வட்டார வள மையத்தில் போய்ப் பேசுங்கள். சண்டையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

கலர் வாங்கப் பணமில்லை. எனக்கு வரையவும் தெரியாது. நடத்தலாமா?
- கல்லூரி மாணவி, அருமனை

நடத்தலாம். செம்மண், அடுப்புக்கரி, மஞ்சள்தூள், கொஞ்சம் பெவிக்கால். மணவாளக்குறிச்சிக் கரிமணலை மட்டும் அழகாக இருக்கிறதே என்று அள்ளி வராதீர்கள், அதிலுள்ள மோனசைட் என்ற தாதுவில் கதிர்வீச்சை வெளியிடும் தோரியம் இருக்கிறது. உங்களுக்கு வரையத் தெரியாதது நல்லதுதான், பிள்ளைகள் உங்களைப் பார்த்துக் காப்பியடிக்க மாட்டார்கள்.