எத்தனை பேவர் கல் வாங்குவது? கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரின் தரைவீட்டு முற்றங்களில் பல ஆண்டுகள் பேவர் எனப்படும் தளக்கல் பதித்தவன் என்பதால், வாங்க வேண்டிய எண்ணிக்கையைப் பற்றியே பலரும் என்னிடம் கேட்கிறார்கள். வந்தவற்றுள் சில கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செராங்கூன் கார்டன்ஸ் வாசகர்: ஐயா, எங்கள் கார் போர்ச் 5.5 மீட்டர் நீளமும் 4.2 மீட்டர் அகலமும் கொண்டது. 200-க்கு 100 மில்லிமீட்டர் கல்லைக் குறுக்குச் சாய்வான மீன்முள் வடிவில் பதிக்க விரும்புகிறோம். எத்தனை கல் தேவைப்படும்?

பரப்பளவு 23.1 சதுர மீட்டர். இந்த அளவுக் கல் சதுர மீட்டருக்கு 50 பிடிக்கும் என்பதால் 1,155 என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நகைக்கடையில் சேதாரத்தைக் குறைக்கச் சொல்லி வாதாடும் நாம், கல் வாங்கும்போது அதை, அதாவது வெட்டுவதிலும் உடைவதிலும் வீணாகும் கல்லை, நாமே கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். செங்கல் வரிசைபோல் நேராகப் பதித்தால் 5 விழுக்காடு போதும். கடைக்காரர்கள் ஹெர்ரிங்போன் என்று சொல்லும் மீன்முள் வடிவத்தைச் சுவருக்கு 45 பாகைச் சாய்வில் பதித்தால், நான்கு ஓரங்களிலும் முக்கோணத் துண்டுகள் வெட்ட வேண்டியிருப்பதால் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் சேருங்கள். ஆக 1,271 கல்.

கற்களுக்கு இடையே விடும் இடைவெளியையும் கணக்கிட்டால் எண்ணிக்கை சற்றுக் குறையும். பத்துக் கற்களை நீளவாக்கிலும் பத்தை அகலவாக்கிலும் வரிசையாக வைத்து அளவுநாடாவால் அளந்து பத்தால் வகுத்துப் பாருங்கள். அது 203-க்கு 103 என்று வந்தால், உங்கள் போர்ச்சுக்கு 1,105 கல்லே கணக்கு. அந்த ஐம்பது கல்லை மிச்சப்படுத்த நான் முனைய மாட்டேன். குறைந்துபோய் மீண்டும் வரவழைத்தால், வேறு தொகுதிக் கல்லின் நிறம் பழையதோடு ஒத்துப்போகாமல் போகலாம். கார் ஏறும் இடம் என்பதால் 80 மில்லிமீட்டர் தடிப்புள்ள கல்லையே வாங்குங்கள். 60 மில்லிமீட்டர் கல் நடைபாதைக்குப் பொருந்தும். 80 மில்லிமீட்டர் கான்கிரீட் கல் ஒன்று ஏறக்குறைய 3.7 கிலோ எடை என்பதால், மொத்தம் 4.7 டன் வந்து இறங்கும். லாரி எங்கே நிற்கும் என்பதை முன்பே யோசித்து வையுங்கள்.

அதே வாசகர்: தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சாய்வாக அமைக்கச் சொல்கிறார்கள். அதற்குக் கூடுதல் கல் வேண்டுமா?

வேண்டாம். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சாய்வு கொடுத்தால், 5.5 மீட்டர் நீளத்தில் கூடுவது கால் மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். ஆனால் சாய்வை விட்டுவிடாதீர்கள்; நம் ஊர் மழையில் தேங்கும் நீர் ஏடிஸ் கொசுவுக்குத் தொட்டில்.

பாசிர் ரிஸ் வாசகி: பின்முற்றத்தில் 3 மீட்டர் விட்டமுள்ள வட்டத் திண்ணைத் தளம் அமைக்கிறோம். கல் 300 மில்லிமீட்டர் சதுரம். பரப்பளவுப்படி 79 கல் என்று கணக்கிட்டேன், சரியா?

பரப்பளவு சரி, கல் எண்ணிக்கை போதாது. வட்டத்துக்குப் பரப்பளவை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பிள்ளைகளின் கட்டத்தாளை எடுத்து, ஒரு கட்டத்தை ஒரு கல்லாகக் கொண்டு, நான்கு கட்டங்கள் சந்திக்கும் முனையை மையமாக வைத்து, பத்துக் கட்ட விட்டத்தில் வட்டம் வரையுங்கள். அதற்குள் முழுமையாக அடங்குபவை 60, கோடு வெட்டிச் செல்பவை 28, மொத்தம் 88. வெட்டிய துண்டுகளில் சிலவற்றை வேறு ஓரத்தில் பயன்படுத்தலாம்தான். என்றாலும் வெட்டும்போது உடைபவற்றையும் எண்ணி 92 வாங்குவேன்.

ஈசூன் வாசகர்: எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் மாடம் (பால்கனி) 2.5-க்கு 1.3 மீட்டர். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் 300 மில்லிமீட்டர் மரத்தரைப் பலகை எத்தனை?

நீளத்தில் எட்டு, அகலத்தில் நான்கு, ஆக 32 பலகைகளை வெட்டாமல் நடுவில் வைத்தால், சுற்றிலும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும். அதை அடைக்க முயலாதீர்கள். பூட்டும் கொக்கிகள் பலகையின் விளிம்பில் இருப்பதால், வெட்டிய துண்டின் ஒரு பக்கம் பிடிப்பின்றி ஆடும். தவிர, அந்த இடைவெளி வழியாக நீரும் வடிந்து ஓடும். உதிரிக்கு இரண்டு சேர்த்து 34 வாங்குங்கள்.

அப்பர் தாம்சன் வாசகர்: நான் அளந்தது 27 சதுர மீட்டர். குத்தகையாளர் (ஒப்பந்தக்காரர்) 320 சதுர அடி என்று எழுதி, அதற்கு மேல் 10 விழுக்காடு சேதாரம் கேட்கிறார்.

ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. உங்கள் தளம் 291 சதுர அடியை எட்டவில்லை. அவர் எழுதிய 320-இல் 10 விழுக்காடு சேதாரம் ஏற்கெனவே அடங்கியிருப்பதாகவே தெரிகிறது. மீண்டும் சேர்த்தால் 352 ஆகும். திட்டமிட்டுச் செய்தார் என்று முடிவுகட்ட வேண்டாம், அளவெடுத்தவர் ஒருவரும் விலை எழுதியவர் வேறொருவருமாக இருக்கக்கூடும். அளந்த பரப்பையும் சேதாரத்தையும் தனித்தனி வரியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

செம்பவாங் வாசகி: வாசலிலிருந்து கேட் வரை புல்தரையில் 7.2 மீட்டருக்குத் தனித்தனி மிதிகல் பதிக்க வேண்டும். எத்தனை?

இங்கே பரப்பளவுக்கு வேலையே இல்லை, காலடிதான் கணக்கு. ஒரு கல்லின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 60 சென்டிமீட்டர் வைத்தால் 12 கல். வீட்டில் பாட்டியோ சிறு பிள்ளையோ நடப்பதாக இருந்தால் 50 சென்டிமீட்டராகக் குறைத்து 15 கல் வாங்குங்கள். பதிக்கும் முன் அட்டைத் துண்டுகளைப் புல்லில் பரப்பி, அவரையே ஒருமுறை நடக்கச் சொல்லிப் பாருங்கள்.